இரண்டு தோட்டாக்களும் 37 நாட்களும்

முதல் உலகப் போருக்கான உடனடிக் காரணம் என்ன? இந்த இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதாத மாணவர் என் பத்தாம் வகுப்பில் இருந்ததில்லை. மெல்லக் கற்போரும் எழுதிவிடுவார்கள்: ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு சரயேவோ நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். நானும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த விடைக்குப் போய்விடுவேன். சென்ற கல்வியாண்டில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்குப் பிறகுதான், இந்த இடத்தை நான் நடத்திவந்த விதத்தில் இருந்த குறை எனக்குப் புரிந்தது.

குறை என்னுடையதுதான். எங்கோ பார்த்த காணொளி ஒன்றிலிருந்து ஒரு கதையை எடுத்துவைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். இளவரசரின் கார் ஓட்டுநர் தெரியாமல் வேறு தெருவில் திரும்பிவிட்டார். கார் நின்ற இடத்தில், முயற்சி தோற்ற சோகத்தில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் கவ்ரிலோ பிரின்சிப். தலை நிமிர்ந்தான், எதிரே இளவரசர். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். அன்று அந்த மாணவி எழுந்து, "அப்போ அந்த டிரைவர் சரியான ரோட்டுல போயிருந்தா இத்தனை லட்சம் பேர் செத்திருக்க மாட்டாங்களா டீச்சர்? அப்போ இந்தச் சண்டைக்கு யாருமே பொறுப்பு இல்லையா?" என்றாள். மணி அடித்துவிட்டது. "அப்படித்தான் வச்சுக்கோயேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏறத்தாழ 90 லட்சம் படைவீரர்கள் இறந்த ஒரு போருக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தல் பேருந்தில் வீடு திரும்பும்வரை போகவில்லை.

வார விடுமுறையில் உட்கார்ந்து படித்தேன். முதலில் விழுந்தது சாண்ட்விச். அன்றைய விசாரணைப் பதிவுகளில் அப்படியொரு பேச்சே இல்லை. பிரின்சிப் அங்கே நின்றதும் தற்செயல் அல்ல. 1914 ஜூன் 28 அன்று இளவரசர் செல்லும் பாதை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. மில்யாட்ஸ்கா ஆற்றங்கரைச் சாலையில் ஆறு பேர் ஆங்காங்கே ஆயுதத்தோடு காத்திருந்தார்கள். காலையில் அவர்களில் ஒருவரான சாப்ரினோவிச் வீசிய குண்டு இளவரசரின் காரில் பட்டுத் தெறித்துப் பின்னால் வந்த காருக்கு அடியில் வெடித்தது. இளவரசர் நகர மன்றத்துக்குப் போய் வரவேற்பை ஏற்றுக்கொண்டார். பிறகு, காயம்பட்ட அதிகாரியை மருத்துவமனையில் பார்க்க வேண்டும் என்றார். அதற்காகப் பாதை மாற்றப்பட்டது. மாற்றத்தை ஓட்டுநரிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அவர் பழைய திட்டப்படி லத்தீன் பாலத்தருகே வலப்புறம் திரும்பினார். பிரின்சிப்பும் அந்தப் பழைய பாதையில்தான் நின்றிருந்தான். தவறை உணர்ந்து காரை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு முறை சுட்டான். இளவரசரும் மனைவி சோபியும் இறந்தார்கள். பிரின்சிப்புக்கு அப்போது 19 வயது. 20 வயது நிறையாததால் மரண தண்டனை இல்லை. சிறையில் காசநோயால் 1918 ஏப்ரலில் இறந்தான், போர் முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு.

இவ்வளவும் ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. பிரிட்டன் போரில் இறங்கியதோ ஆகஸ்ட் 4. இடையில் 37 நாட்கள். நம் பாடநூலில் அது ஒரு பத்தி. என் வகுப்பில் அது ஒரு மூச்சு. கொலை நடந்தது, கூட்டணிகள் இருந்தன, போர் மூண்டது என்று சொல்லி முடித்துவிடுவேன்.

அடுத்த வகுப்புக்குச் சணல் கயிறு ஒன்றைக் கொண்டுபோனேன். ஒரு நாளுக்கு ஒரு சாண் என்று 37 சாண் அளந்து, நாளுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, வகுப்பறைச் சுவரை ஒட்டிக் கட்டினோம். பத்தே அட்டைகள்தான். ஜூன் 28, கொலை. ஜூலை 5, ஆஸ்திரியாவுக்கு என்ன வந்தாலும் துணை நிற்பதாக ஜெர்மனியின் வாக்கு. ஜூலை 23, செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடுவோடு ஆஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கை. ஜூலை 25, பெரும்பாலான கோரிக்கைகளை ஏற்று, தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரிப்பதை மட்டும் மறுத்து செர்பியாவின் பதில். ஜூலை 28, ஆஸ்திரியாவின் போர் அறிவிப்பு. அதன் பிறகு 29, 30, ஆகஸ்ட் 1, 3, 4 என்று நெருக்கமாக ஐந்து அட்டைகள்.

கயிற்றைக் கட்டியதும் நான் எதுவும் சொல்லவில்லை. கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன், வழக்கமாக வாய் திறக்காதவன், கேட்டான்: "கோவத்துல அடிக்கிறதுன்னா அன்னிக்கே அடிச்சிருப்பாங்கல்ல டீச்சர்? இது 25 நாள் கழிச்சுல்ல மிரட்டியிருக்காங்க."

அவன் கண்டது மிகச் சரி. அந்த 25 சாணில் ஒரே ஓர் அட்டைதான் தொங்கியது. அந்த வெற்றிடத்தில் என்ன நடந்தது என்பதுதான் பாடம். ஹங்கேரியின் பிரதமர் டிசா முதலில் போருக்கு ஒப்பவில்லை, அவரை இசையவைக்க நாள் ஆனது. படைவீரர்கள் பலர் அறுவடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ரஷ்யத் தலைநகரில் விருந்தினராக இருந்தார். அவரும் ரஷ்யாவும் கூடிப் பேச வாய்ப்புத் தரக்கூடாது என்று, அவர் கப்பல் ஏறும்வரை காத்திருந்து எச்சரிக்கையைக் கொடுத்தார்கள்.

அட்டைகளை ஐந்து குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: இந்த நாளில் உங்கள் நாடு வேறு என்ன செய்திருக்கலாம்? ஜூலை 28 அட்டையில் வகுப்பு சூடானது. ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்ம் செர்பியாவின் பதிலை அன்றுதான் படித்தார். போருக்கான காரணமே இல்லாமல் போய்விட்டது என்று கருதினார். ஆனால் அன்றே ஆஸ்திரியா போரை அறிவித்துவிட்டது. மறுநாள் ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸ் முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டார். வில்ஹெல்மின் தந்தியைக் கண்டதும் இரவில் அதை நிறுத்தினார். 30ஆம் தேதி அமைச்சர்களும் தளபதிகளும் வற்புறுத்த, மீண்டும் ஆணையிட்டார். இருவரும் உறவினர்கள். தந்திகளில் 'வில்லி', 'நிக்கி' என்றுதான் கையெழுத்து. "சொந்தக்காரங்கதானா?" என்று வகுப்பு சிரித்தது. ரஷ்யா திரண்டு முடிப்பதற்குள் பிரான்சை வீழ்த்திவிட வேண்டும், அதற்கு பெல்ஜியம் வழியாகப் போக வேண்டும் என்பது ஜெர்மன் படையின் திட்டம். அதனால் பெல்ஜியம். பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839 உடன்படிக்கையில் பிரிட்டனும் உறுதி தந்திருந்தது. அதனால் பிரிட்டன்.

எல்லாக் கைகளும் ஜெர்மனியைக் காட்டியபோது நான் குறுக்கிட வேண்டியிருந்தது. பொறுப்பை எப்படிப் பங்கிடுவது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. அதே பாடத்தில் பின்னால் வரும் வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவு, இழப்புகளுக்கான பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தியது. கயிற்றைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவு ஏன் அவ்வளவு கசந்தது என்பதை விளக்கத் தனியாக நேரம் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் கேட்க வைக்கலாம். 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டது, 1911இல் அகதிர் நெருக்கடி, 1912, 1913இல் பால்கன் போர்கள். எல்லாமே நம் பாடத்தில் இருப்பவை. 'போருக்கான காரணங்கள்' என்று வரிசையாக எழுதவைக்கிறோம். ஆனால் கூட்டணிகள் அப்போதும் இருந்தன, உலகப் போர் வரவில்லை. 'வெடிமருந்துக் கிடங்கில் விழுந்த தீப்பொறி' என்ற உவமையை அதனால்தான் விட்டுவிட்டேன்.

கயிறு முடிந்த இடத்தில் ஒரு மாணவன், "எம்டன் எங்க டீச்சர் வரும்?" என்றான். செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஆகஸ்ட் 4இலிருந்து 49 சாண். இன்னொரு கயிற்றை முடிந்து, இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டி வராண்டாவுக்குப் போனார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

இது இரண்டு பாடவேளையை எடுக்கும். காலாண்டுத் தேர்வுக்கு முன் பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி எனக்கும் தெரியும். வரைபட வேலையை வீட்டுப்பாடமாக்கி நேரத்தை ஈடுகட்டினேன். தொடக்க வகுப்பில் நடத்துவோர் உலகப் போரைத் தொட வேண்டாம். விளையாட்டுத் திடலில் நடந்த ஒரு சண்டையை, 'முதல்ல யார் அடிச்சா' என்பதோடு நிறுத்தாமல், அதற்கும் பிறகு நடந்தவற்றை இதே போல் கயிற்றில் கட்டவைக்கலாம்.

அந்த மாணவியிடம் என் பழைய பதில் தவறு என்று எல்லோர் முன்னும் சொன்னேன். சாண்ட்விச்சையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவள் கவலை வேறு. "பரீட்சைல எதை எழுதுறது டீச்சர்?" இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டால் புத்தகத்தில் உள்ளபடி எழுது, ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால் கயிற்றிலிருந்து நான்கு தேதி சேர்த்து எழுது என்றேன். காலாண்டில் ஐந்து மதிப்பெண் வினாவே வந்தது. ஆறு தேதி எழுதியிருந்தாள்.