கொழுந்தனாருக்குப் பிணைக் கையெழுத்து

கேள்வி: எங்கள் வீடு உக்குவளைப் பக்கம். வீட்டுக்காரருக்கு அரசாங்க வேலை, மாதச் சம்பளம். அவருடைய தம்பி லீசிங்கில் ஓட்டோ எடுக்கப் போகிறார். பிணைக்கு இவர் கையெழுத்து வேண்டுமாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரியென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த கிழமை கையெழுத்து. வேண்டாமென்றால், கஷ்டத்தில் கைகொடுக்கத்தான் கூடப்பிறந்தவன் என்று நீதிமொழிகளிலேயே இருக்கிறதே என்று என் வாயை அடைக்கிறார். குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறேன் என்று மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகளுக்கு அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை. என்ன செய்ய?
– ஒரு வாசகி, மாத்தளை

பதில்: தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் வசனம் 17ஆம் அதிகாரத்தில் 17ஆவது. அவரை 18ஆவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். கூடப்பிறந்தவனைப் பற்றிச் சொன்ன கையோடு, அடுத்தவன் கடனுக்குப் பிணை போகிறவனைப் புத்தி கெட்டவன் என்கிறது அது. உங்கள் வீட்டுச் சண்டைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது! தம்பிக்கு உதவலாம், அவர் கடனில் உன் பெயரை எழுதிக் கொடுக்காதே என்றுதான் இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது எனக்கு விளங்குகிறது. 22ஆம் அதிகாரம் இன்னும் கடுமை: கட்ட வழியில்லாதவன் பிணை போனால், அவன் படுத்திருக்கும் படுக்கையே பறிபோகும் என்கிறது.

இன்றைக்குப் படுக்கையை யாரும் எடுப்பதில்லை. லீசிங் முடியும்வரை வண்டி கம்பெனிக்குச் சொந்தம். தவணை தவறினால் சீஸ் பண்ணி விற்பார்கள். விற்ற காசு பாக்கிக்குப் போதாவிட்டால் மிச்சத்துக்குப் பிணைகாரரிடம் வருவார்கள். 'முதலில் தம்பியிடம் கேளுங்கள்' என்று சொல்லும் உரிமையையும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் பிணைகாரர் விட்டுக்கொடுத்துத்தான் கையெழுத்து வைக்கிறார். அந்தப் பக்கத்தை யார் வாசிக்கிறார்கள்? ஒருவரின் கடன் விவரங்களைக் காட்டும் கிரிப் (CRIB) அறிக்கையிலும் இவர் நின்ற பிணை ஏறும். நாளைக்கு மகளின் படிப்புக்கு வங்கிக்குப் போனால் அதுவும் கணக்கில் வரும்.

மலையகத்தில் கடன் சீட்டின் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் ஆட்களின் கடனைக் கங்காணி கணக்கில் எழுதி வைத்தான். அந்தத் தொகையைச் சொல்லும் 'துண்டு' கையில் இருந்தால்தான், அதைத் தீர்க்கச் சம்மதிக்கும் வேறு தோட்டத்துக்குப் போக முடிந்தது. 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

வேதத்தில் தம்பிக்குப் பிணை நின்ற அண்ணனும் உண்டு. ஆதியாகமத்தில் யூதா, பென்யமீனுக்காக அப்பாவிடம் பிணை சொன்னான். எகிப்தில் சிக்கல் வந்ததும், தம்பியை விட்டுவிட்டு என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்னால் வந்து நின்றான். ஆகவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தம்பி ஒரு தவணையும் கட்டாவிட்டால் முழுக்க நீங்கள் கட்டுவீர்களா, எந்தக் காசில்? அதற்கு அவரிடம் பதில் இருந்தால் கையெழுத்துப் போடட்டும், நீங்கள் தடுக்க வேண்டாம். சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மகள் தூங்கியபிறகு பேசுங்கள். மாமியார் முன்னால் வேண்டாம்.

பதில் இல்லையென்றால், கொடுத்த வாக்கு என்னாவது என்பார். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் அதற்குத்தான். வாய் வார்த்தையால் மாட்டிக்கொண்டவன் தூங்கக்கூடப் போகாமல், உடனே போய்ப் பணிந்து கெஞ்சித் தன்னை விடுவித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. கெஞ்சுவது வெட்கம்தான், தம்பியிடம் கெஞ்சுவது அதிலும் வெட்கம். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் என்றால் வெட்கத்தோடு முடிந்துவிடும். அவரே போய், தன் வாயால், 'என்னால் முடியாது' என்று சொல்ல வேண்டும். 'அவள் வேண்டாம் என்கிறாள்' என்று சொன்னாரோ, அந்த வீட்டில் உங்கள் பெயர் ஆயுசுக்கும் கெட்டது.

வெறுங்கையோடும் போகக் கூடாது. திரும்பி வராவிட்டாலும் வீடு தாங்கும் என்ற ஒரு தொகையை இருவரும் சேர்ந்து தீர்மானித்து, முற்பணத்துக்கு என்று கொடுங்கள். கடனாக அல்ல, கொடையாக. எடுக்கும் கடன் அந்த அளவுக்குக் குறையும். கொழுந்தனாரும் பிறகு உங்களைக் கண்டு ஒளிய வேண்டியிராது.

இதை வாசிக்கும்போது கையெழுத்துப் போட்டாயிற்று என்றால், ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் தவணை கட்டிய ரசீதை வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரசீது வராத முதல் மாதமே நேரில் போய் விசாரியுங்கள், மூன்றாவது மாதம் வரை பொறுக்காதீர்கள்.