எந்த உபயம் முதலில்?

ஆலயத்திற்குச் சூரிய மின்பலகை உபயம் செய்ய விரும்பும் அன்பர்கள் சிலர், அதனால் எவ்வளவு கரியமில வாயு குறையும் என்று என்னிடம் கேட்பதுண்டு. கணக்குப் போட்டே விடை காண வேண்டிய கேள்வி இது.

மின்சாரம் எதிலிருந்து பிறக்கிறதோ அதைப் பொறுத்தே அதன் புகையும் அமைகிறது. நிலக்கரியை எரித்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகும். இயற்கை எரிவாயுவானால் சுமார் பாதி. சூரிய மின்சாரத்திற்கு, பலகையைத் தயாரிப்பதில் வெளியாவதைச் சேர்த்தாலும் 50 கிராம் அளவே. சிங்கப்பூரில் காற்றாலைக்குப் போதிய காற்றுமில்லை, அணை கட்டிப் பெரிய அளவில் மின்சாரம் எடுக்க ஆறுமில்லை. நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு எரிவாயுவிலிருந்தே வருகிறது. ஆகவே நாம் செலவிடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 400 கிராம் என்று கொள்ளலாம்.

இனி உபயத்திற்கு வருவோம். ஒரு மண்டபத்தில் 50 வாட் ஹாலஜன் விளக்குகள் 100, நாள்தோறும் 12 மணி நேரம் எரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை எடுத்துவிட்டு 7 வாட் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினால் ஆண்டுக்குச் சுமார் 18,800 யூனிட் மிச்சம். கரியமில வாயு ஏழரை டன் குறையும். மண்டபம் குளிரூட்டப்பட்டதானால், பழைய விளக்குகளின் வெப்பத்தை வெளியேற்றும் செலவும் குறையும். அதே 18,800 யூனிட்டைச் சூரிய ஒளியில் பெற ஏறத்தாழ 16 கிலோவாட் பலகைகள் வேண்டும். இங்கு ஒரு கிலோவாட் பலகை ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட்தான் தரும். விமானத்தின்மேலும் கோபுரத்தின்மேலும் பலகை வைக்க இயலாது. மண்டபக் கூரையே இடம்.

ஆகவே விளக்கு மாற்றும் உபயமே முதலில் என்பது என் கருத்து. பலகையைப் போல் அது எடுப்பாகத் தெரியாதுதான்!

நல்லெண்ணெய் விளக்கை நிறுத்த வேண்டுமோ என்று ஒரு அம்மையார் கவலைப்பட்டார். வேண்டியதில்லை. அத்திரி வெளியிடும் கரியமில வாயு, சில மாதங்களுக்கு முன் எள்ளுச்செடி காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே. மடைப்பள்ளி அடுப்பின் எரிவாயுவோ பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தது.

விளக்குகளை மாற்றிய பின் பலகைக்கு வரலாம். பகல் அன்னதானத்திற்கும் திருமணங்களுக்கும் அது நன்கு பயன்படும். மின்கலம் இல்லாவிடில், சாயரட்சைக்குப் பிறகு மீண்டும் எரிவாயு மின்சாரம்தான்.