பாஸ்புக் என்னும் குறுக்கெழுத்துப் புதிர்

ஆங்கில நாளிதழ்களில் வரும் குறுக்கெழுத்துப் புதிர்களை நிரப்புவோர் சில வழக்கங்களை நன்கு அறிவர். குறிப்பில் ‘கணக்கு’ எனப் பொருள்படும் சொல் வந்தால், விடையினுள் ‘ஏ.சி.’ என்னும் ஈரெழுத்து மறைந்திருக்கக் கூடும். ‘கணக்காயர்’ என வந்தால் ‘சி.ஏ.’, ‘மருத்துவர்’ என வந்தால் ‘டி.ஆர்.’ சுருக்கத்தை விரிக்கத் தெரிந்தவருக்கே விடை கிட்டும்.

நம் பாஸ்புக்கில் ‘விவரம்’ என்னும் பத்தியும் இத்தகைய சுருக்கங்களால் நிறைந்ததே. ஆயினும் நம்மில் பலர் கடைசி இருப்பை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். புதிர் அவிழ்ப்போர் கைக்கொள்ளும் மூன்று நெறிகளைக் கொண்டு அப்பத்தியைப் படிக்கப் பழகுவோம்.

1. இடம் நோக்கிப் பொருள் கொள்க

புதிரில் மருத்துவரைக் குறித்த ‘டி.ஆர்.’, பாஸ்புக்கில் பற்றைக் குறிக்கும், ‘சி.ஆர்.’ வரவைக் குறிக்கும். ‘என்.ஏ.சி.ஹெச்.’ என்பது வங்கிகளுக்கிடையே தொகைகளைத் தானாகத் தீர்வு செய்யும் தேசிய அமைப்பு. அதனுடன் ‘டி.ஆர்.’ சேர்ந்தால், நாம் முன்பே கையொப்பமிட்டு அளித்த ஒப்புதலின்படி கடன் தவணையோ பிரீமியமோ எடுக்கப்பட்டுள்ளது. ‘சி.ஆர்.’ சேர்ந்தால், பங்கு ஈவுத்தொகை போன்ற வரவு வந்துள்ளது.

2. துண்டுகளாகப் பிரித்துப் படிக்க

நீண்ட வரியைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ‘யு.பி.ஐ. / டி.ஆர். / 12 இலக்க எண் / ஒரு பெயர்’ என்றிருப்பின், முதல் துண்டு பணம் சென்ற வழி, இரண்டாவது திசை, மூன்றாவது அப்பரிவர்த்தனைக்குரிய அடையாள எண், நான்காவது பணம் பெற்றவர். முறையீடு செய்ய நேரின் அந்த 12 இலக்க எண்ணே முதலில் கேட்கப்படும்.

‘பி.எம்.ஜே.ஜே.பி.ஒய்.’ என்பது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டம். ஆண்டுப் பிரீமியம் 436 ரூபாய். ‘பி.எம்.எஸ்.பி.ஒய்.’ என்பது சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டுப் பிரீமியம் 20 ரூபாய். முன்னதில் எக்காரணத்தால் இறப்பு நேரினும், பின்னதில் விபத்தால் இறப்பு நேரின், குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாய் உரியதாகும். ஆனால் குடும்பத்தார் கேட்டால்தான் கிடைக்கும். இந்த ஒரு வரியைப் படிக்காமையால், காப்பீடு இருந்ததையே அறியாமல் ஒரு குடும்பம் அத்தொகையை இழக்க நேரலாம்.

3. குறுக்கே ஒத்துப் பார்க்க

புதிரில் இடமிருந்து வலமாக எழுதிய விடை, மேலிருந்து கீழாக வரும் விடையோடு பொருந்தினால்தான் சரியெனக் கொள்வோம். அவ்வாறே பாஸ்புக் வரியைக் கைபேசியில் வந்த குறுஞ்செய்தியோடும், கடை ரசீதோடும், தவணை அட்டவணையோடும் ஒப்பிடுக. எதனோடும் பொருந்தாத பற்று இருப்பின், அதனை ஐயத்துடன் நோக்குக.

புதிரில் விடுபட்ட கட்டத்திற்கு மறுநாள் விடை அச்சாகிவிடும். பாஸ்புக்கில் அவ்வாறு காத்திருத்தல் ஆகாது. வங்கியின் தவறோ நம் தவறோ இன்றி, வேறிடத்து நேர்ந்த கோளாற்றால் மின்னணு வழியில் பணம் களவுபோனால், வங்கியின் அறிவிப்புக் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை வகுத்தது. 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், ஓர் உச்சவரம்பு வரை பொறுப்பு நம்மைச் சாரும். கடவு எண்ணை நாமே பிறருக்குச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு முழுவதும் நம்முடையதே. எனவே முதலில் வங்கிக்கும், உடனே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிப்பது நன்று.

பயிற்சி

கீழ்க்காண்பவற்றின் பொருள் என்ன?

அ) ஐ.எம்.பி.எஸ். / சி.ஆர்.
ஆ) எஸ்.ஐ. / டி.ஆர்.
இ) என்.இ.எஃப்.டி. / ஆர்.டி.என். / சி.ஆர்.

விடைகள்

அ) உடனடிப் பணப்பரிமாற்ற வழியில் வந்த வரவு.

ஆ) நாம் வங்கிக்கு அளித்த நிலையான அறிவுறுத்தலின்படி எடுக்கப்பட்ட பற்று.

இ) நாம் அனுப்பிய பணம் உரியவர் கணக்கில் சேராமல் திரும்பியுள்ளது. இருப்புக் கூடியதென மகிழ்வதற்கில்லை. அது மகளின் கல்லூரிக் கட்டணமாயின், கட்டணம் இன்னும் செலுத்தப்படவில்லை என்பதே பொருள். கணக்கு எண்ணைச் சரிபார்த்து, இறுதி நாளுக்கு முன் மீண்டும் அனுப்புக.

சுருக்கங்கள் வங்கிக்கு வங்கி சிறிது வேறுபடும். விளங்காத வரியை அடிக்கோடிட்டுக் கிளைக்கு எடுத்து வருக. விரித்துச் சொல்வது எம் கடமை.