உண்ணியில் கை வைக்கும் முன்

அன்புள்ள கண்ணு,

வால்பாறையில் காடு மீட்கும் வேலையில் சேர்ந்துவிட்டாயாம், சந்தோஷம். வந்த வேகத்தில் உண்ணிச்செடியை மொத்தமாக வாரிப் போட்டுவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

நெய்வேலியில் சுரங்கம் தோண்டிக் கொட்டிய மேட்டில் மரம் வளர்ப்பவர்கள் முதலில் மண்ணைத் தேற்றியாக வேண்டும். நீ இருக்கும் ஆனைமலையில் அந்தப் பாடு குறைவு. தேயிலைக்கும் காபிக்கும் நடுவே தப்பிய துண்டுக் காடுகளில், உண்ணிப் புதருக்குள் குனிந்து பார்த்தால் நாங்கு, வெடிப்பலா மரக்கன்றுகள் சாண் உயரத்தில் நிற்கக்கூடும். அரிவாளை எடுக்கும் முன் அவற்றின் பக்கத்தில் குச்சி நட்டுத் துணி கட்டு. வேலைக்கு வருகிறவர்களுக்குக் கன்றைக் காட்டிக்கொடு. பாதி நேரம் அவர்கள்தான் உனக்குக் காட்டுவார்கள், அது வேறு.

உண்ணியை மேலோடு வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் காட்டிய வழி நல்லது: துளிர்விடும் பகுதிக்குக் கீழே, மண்ணுக்குள் வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். பறவைகள் அடையும் மரத்தடிகளில் மறு மழைக்கு உண்ணி நாற்று முளைக்கும். அதைக் கையால்தான் பிடுங்க வேண்டும். ஒரே மூச்சில் இடத்தைத் திறந்துவிடாதே, வெயில் இறங்கினால் களைதான் முந்தும்.

உண்ணி கண்ணுக்குத் தெரிகிற எதிரி. சட்டென்று தெரியாதவையும் உண்டு. ரொபஸ்டா காபி எஸ்டேட்டைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்துவிட்டது. பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோவது நம் மரநாய். ஆப்பிரிக்காவிலிருந்து நிழலுக்காக வந்த மேசாப்சிஸ் மரத்தின் பழத்தை இருவாச்சி தின்கிறது. அந்த மரத்தை வெட்டுவதா? நான் வெட்டமாட்டேன். பக்கத்தில் நம் மரங்கள் பழுக்கும்வரை பெரியது நிற்கட்டும். அதன் கன்றுகளை மட்டும் வருடந்தோறும் பிடுங்கு.

நட்ட கன்றின் எண்ணிக்கை விழாவுக்கு உதவும். உனக்கு வேண்டியது இரண்டு வருடம் கழித்து நிற்பவற்றின் கணக்கு. 20-க்கு 20 மீட்டர் கட்டம் போடு, மூலையில் கல் நடு, மரத்துக்குத் தகடு கட்டி அடிமரச் சுற்றளவை எடு. ஒன்றும் செய்யாத கட்டமும் அருகிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் உன் கை செய்தது எது, மழை செய்தது எது என்று பிரிக்க முடியாது.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 2000-களின் தொடக்கத்திலிருந்து வால்பாறையில் இந்த வேலையைச் செய்கிறது. 2019-இல் வெளியான அவர்களின் ஆய்வு, நட்டு 7 முதல் 15 வருடமான இடங்களைச் சும்மா விட்ட இடங்களோடு ஒப்பிட்டது. விதானம், மரவகை, கார்பன் எல்லாவற்றிலும் நட்ட இடமே மேல். ஆனாலும் பழைய காட்டை அது எட்டவில்லை. பெருங்காட்டிலிருந்து தள்ளிக் கிடக்கும் துண்டுகளில்தான் நட்டதன் பலன் கூடுதல். ஆள் குறைவாகக் கிடைத்தால், இருப்பவர்களை அங்கே அனுப்பு.

நீ ஒன்றும் செய்யாமல் விடும் அந்தக் கட்டத்தை எஸ்டேட் மேலாளரிடம் இப்போதே காட்டி வை. எஸ்டேட்டைத் தணிக்கை செய்ய ஆள் வருகிறார் என்றால் முதலில் அதைத்தான் சுத்தம் செய்து வைப்பார்கள்.

அன்புடன்,
உன் மாமா