கேத்திப் பள்ளத்தாக்கு: நிலம், வரலாறு, ஜீவனம்

ஒரு கிராமத்தின் செல்வம் எங்கிருந்து பிறக்கிறது, எவ்வழியாக வெளியே கசிகிறது என்பதை அறியாமல் அதனைச் சீர்திருத்த முற்படுவது, நோயறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் உதாரணம் நீலகிரி ஜில்லாவிலுள்ள கேத்திப் பள்ளத்தாக்கு.

நில அமைப்பு

உதகமண்டலத்துக்கும் குன்னூருக்கும் இடையில், 8,650 அடி உயரமுள்ள தொட்டபெட்டாவுக்குத் தெற்கே இப்பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. கேத்தி ரயில் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 6,800 அடி உயரத்தில் உள்ளது. இங்கு உற்பத்தியாகும் நீர் காட்டேரி ஓடையாகக் கீழிறங்குகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் இவ்விடத்துக்குக் கிடைக்கின்றன.

குளிர்ந்த காற்று கனமானது. ஆதலால் மார்கழி, தை மாத இரவுகளில் அது சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தங்கி, உறைபனியை உண்டாக்குகிறது. பனியால் கருகும் தேயிலை சரிவுகளிலும், ஓடை நீர் வேண்டும் காய்கறி பள்ளத்திலும் பயிராவதற்கு இது முக்கிய காரணமாகும்.

வரலாறு

இங்குள்ள பழங்குடிகளில் பயிர்த்தொழிலில் சிறந்தவர் படகர். அவர்கள் சாமை, கேழ்வரகு முதலிய தானியங்களை விளைத்தும், எருமை வளர்த்தும் வாழ்ந்தனர். தோதவரிடமிருந்து நெய்யும், கோத்தரிடமிருந்து இரும்புக் கருவிகளும் மட்பாண்டங்களும் பெற்று, அவற்றுக்கு ஈடாகத் தானியம் அளித்து வந்தனர். அக்காலத்தில் பணத்துக்கு இங்கு அதிக வேலையில்லை.

1830-ஆம் ஆண்டில் சென்னை கவர்னர் லஷிங்டன் காலத்தில், சீமைப் பயிர்களைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் கேத்தியில் அரசாங்கப் பண்ணை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1835-இல் அங்கே தேயிலைச் செடிகள் நடப்பட்டன. மறு ஆண்டே பண்ணை மூடப்பட்டு, அதன் வீடும் நிலமும் புதுச்சேரிப் பிரெஞ்சு கவர்னரின் உபயோகத்துக்கு விடப்பட்டன. அப்பொழுது அங்கு வந்த பெரோத்தே என்னும் பிரெஞ்சுத் தாவர நூல் வல்லுநர், களையிலும் மண்ணிலும் புதைந்து கிடந்த அச்செடிகளைக் கண்டு, சுற்றிலும் துப்புரவு செய்து பேணினார். 1838-இல் அவை பூத்துக் காய்த்து நின்றன. நீலகிரி மண்ணில் தேயிலை செழிக்கும் என்பதற்கு அதுவே முதற் சான்றாயிற்று. 1846-இல் பேஸல் மிஷனார் வந்து பள்ளிகள் நடத்தலாயினர். 1908-இல் மலை ரயில் குன்னூரிலிருந்து உதகமண்டலம் வரை நீண்டபோது, கேத்தியின் விளைபொருள் சமவெளிச் சந்தைக்கு அண்மையதாயிற்று.

உருளைக்கிழங்கும் தராசும்

சல்லிவன் துரை காலத்தில் மலைக்கு வந்த உருளைக்கிழங்கு, குடியானவர்களின் பணப்பயிராக வளர்ந்தது. ஆண்டுக்கு மூன்று போகம் விளையும்; ஆயினும் கை நிறையவில்லை. விதைக்கும் உரத்துக்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர், அவரிடமே கிழங்கை அனுப்பியாக வேண்டும். விலை கூறுவோரும், எடை போடுவோரும், கமிஷன் பிடிப்போரும் ஒருவரே. கடன் கொடுத்தவன் கையிலேயே தராசும் இருக்குமாயின், நல்ல விளைச்சலும் குடியானவனைக் கரையேற்றாது.

இதற்குப் பரிகாரமாக 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. இதன் ஸ்தாபனத்தில் முன்னின்றவர் படக சமூகத்தைச் சேர்ந்த ராவ் பகதூர் எச்.பி. ஆரி கௌடர். அங்கத்தினரின் சரக்கை மேட்டுப்பாளையத்திலேயே சங்கம் பகிரங்க ஏலத்தில் விற்றது. பலர் போட்டியிட்டு விலை கேட்பதால், விலையை ஒருவர் மட்டும் தீர்மானிக்கும் நிலை மாறியது.

ஒரே பயிரின் அபாயம்

சந்தையின் கேடு நீங்கினாலும் மண்ணின் கேடு காத்திருந்தது. ஓய்வின்றி உருளைக்கிழங்கே பயிரிடப்பட்ட நிலங்களில், வேரைத் தாக்கும் தங்க நூற்புழு 1961-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இதன் முட்டைகள் கடினமான கூடுகளுக்குள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். நோய் பரவாமலிருக்க, 1971-இல் நீலகிரி விதைக்கிழங்கை வெளி மாநிலங்களுக்குக் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. புழுவை எதிர்க்கும் குப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்கள் பின்னர் வந்தன. எனினும் எளிய வழி பயிர் மாற்றமே: கோஸ், காரட், பீன்ஸ் ஆகியவற்றில் இப்புழுவுக்கு ஆகாரமில்லை. கேத்தி பாலாடா இன்று காரட்டுக்குப் பெயர் பெற்றிருக்கிறது.

பலர் சரிவுகளில் தேயிலைக்குத் திரும்பினர். கொழுந்தைப் பறித்த அன்றே ஆலை சேர்க்காவிடில் அது கெடும். ஆகவே ஆலை இல்லாத சிறு விவசாயி விலை பேச இயலாது. இதையறிந்து 1962-இல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-இல் இத்தகைய ஆலைகளின் இணையமான இண்ட்கோசர்வ் ஏற்பட்டது. ஆயினும் 1990-களின் இறுதியில் தேயிலை விலை வீழ்ந்தபோது, கொழுந்தையே நம்பியிருந்த குடும்பங்கள் பெரிதும் வருந்தின. கூட்டுறவு தராசைத் திருத்தும். உலகச் சந்தையைத் திருத்தும் சக்தி அதற்கில்லை.

கற்க வேண்டியவை

முதலாவது, சரிவை வெட்டிப் பயிரிடுவோர் குறுக்கே படிப்படியாகச் சமன் செய்து, மழைநீர் ஓடும் வழியில் புல் வளர்க்க வேண்டும். ஒரு பெருமழையில் ஓடையிறங்கிய மேல்மண் மீண்டும் மேலேறாது. இரண்டாவது, நிலம் முழுவதையும் ஒரே பயிருக்கு ஒப்புவித்தல் கூடாது. மூன்றாவது, கடனும் விற்பனையும் குடியானவர்களின் சொந்தச் சங்கத்தின் வழியே நடைபெற வேண்டும். சங்கக் கணக்கை அங்கத்தினர் யாவரும் ஆண்டுதோறும் பார்வையிட வேண்டும்.

எந்தக் கிராமத்தாரும் தம் ஊரைக் குறித்து இவ்வாறே கேட்டுக்கொள்ளலாம்: நீர் எங்கே போகிறது? மண் எங்கே போகிறது? விலையை யார் சொல்கிறார்? இம்மூன்றுக்கும் விடை எழுதி வைத்த ஊரில் சீர்திருத்த வேலை பாதி முடிந்ததாகவே கொள்ளலாம்.