தொட்டில் கட்டும் முன்பே வீட்டுக் காற்றைக் கவனியுங்கள்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலைப்பேட்டை வீடுகளுக்குள் மண்ணை அள்ளிக் கொட்டும். அதைவிடத் தொல்லை, வீட்டுக்குள்ளேயே கிளம்பும் புகை.

1. பெயிண்ட் வேலையைப் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே முடியுங்கள். வாடை அடங்க நாளாகும். புது பிளைவுட் பீரோவுக்கும் இதே கணக்குதான்.

2. கொசுவத்திச் சுருளை விட்டுவிட்டு வலை கட்டுங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது 2003இல் வந்த ஓர் ஆய்வு.

3. தென்னை மட்டை எரிக்கும் வெந்நீர் அடுப்பு பின்கதவை ஒட்டி இருந்தால் தள்ளி வையுங்கள். புகை கதவிடுக்கில் நுழைந்துவிடும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட முடிவு: நுண்துகள் கூடினால் சிசுவின் பிறப்பு எடை குறைகிறது.

4. ஃபேன் இறக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி இழுங்கள்; தூசு உறைக்குள்ளேயே விழும். தரையை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் பறக்கும்.

5. காற்று வேகமெடுக்கும் முன், விடியற்காலையில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மதியம் மேற்கு ஜன்னலைச் சாத்துங்கள்.

6. சாம்பிராணிதான் சிக்கல். தூபக்காலைத் தேய்த்துப் பளபளவென்று வைத்துக் காத்திருக்கும் அமுச்சியிடம் இப்போதே பேசிவிடுங்கள். குளித்த பிள்ளையின் தலை காய மெல்லிய பருத்தித் துண்டே போதும். கேட்கவில்லையா? சாமி அறையோடு நிற்கட்டும், அதுவும் ஜன்னல் திறந்திருக்கும்போது.