வண்டல் நாட்டில் தீப்பாறை

காவிரி வண்டலில் வாழும் குத்தாலத்தார்க்குப் பாறை அயற்பொருள். அம்மியாகவே அது நம் இல்லம் புகுந்தது. ஆயினும், நாம் உழும் வண்டலும் மேற்கே மலைப்பாறை தேய்ந்த துகளன்றோ! எனவே பாறையை அறிவது நம் மண்ணை அறிவதாகும்.

பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகியது தீப்பாறை. நிலத்தின் ஆழத்தில் மெல்லக் குளிரின் படிகங்கள் பெரியவாகும், கிரானைட் அத்தகையது. மேற்பரப்பில் விரைந்து குளிரின் நுண்ணியவாகும், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பரவிய பசால்ட் அத்தகையது. சிலிக்கா முன்னதில் மிகுதி, பின்னதில் குறைவு. இதுவும் ஒரு பகுப்புமுறை.

வகைப்படுத்தல் எளிதன்று. பரங்கிமலைக் கருங்கல்லான சார்னோகைட்டை 1900இல் ஹாலந்து தீப்பாறை என்றார். பின்வந்தோர் பலர் உருமாறிய பாறை என்றனர். மாணவர்காள், வீட்டு அம்மியிலிருந்தே நம் ஆய்வைத் தொடங்குவோமாக!